பல்லக்காவின் கையெழுத்து

அந்த நகரத்தில் பொய்ப்பல் கட்டிக்கொண்டு சிரிப்பவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் ஆனது. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கும்போது நடுவில் ஒரு தாள்கூட நுழையாதபடி சேர்ப்பது அவள் வேலை. பல் லேப்பில் எல்லாருக்கும் அவள் பல்லக்கா. "பல்லக்குன்னே கூப்பிடுங்களேன், எப்படியும் என்னை நாலு பேர் தூக்கிட்டுத்தானே போகணும்" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் இடுப்புக்குக் கீழே எதையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் கால் என்றால் தம்பிதான். அவளைவிட மூன்று வயது சின்னவன். தூக்குகிற வயது வந்ததும், பள்ளிக்கூடப் பையை நெஞ்சுப்பக்கம் மாட்டிக்கொண்டு, அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவான். பழைய பேருந்துகளில் முதல் படியே முழங்கால் உயரம். அப்படி மூன்று படி. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது அவளுடைய முகவாய் அவன் தோளில் இடிக்கும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், சிலர் இரக்கத்தில், சிலர் எரிச்சலில். ஒரு நாளும் அவன் முகம் சுளித்ததில்லை. கீழே இறக்கிவிட்டு, "இன்னைக்கு வெயிட்டு கொஞ்சம் ஜாஸ்தி, காலையில எத்தனை தோசக்கல்லை முழுங்குன?" என்று மட்டும் கேட்பான்.

படிப்பு முடிந்து அவன் பேருந்துப் பணிமனையில் ஃபிட்டர் ஆனான். கல்யாணமும் ஆனது. முப்பது வயதில் அவன் முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியது. எதனால் என்று மருத்துவர் கேட்டதற்கு, "எஞ்சின் தூக்குனேன்" என்று பொய் சொன்னான். அதற்குப் பிறகு பல்லக்கா வெளியே போவதையே விட்டுவிட்டாள். லேப்பிலிருந்து வாய் அச்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பல் நடுவாள். யாருடைய வாய் என்று தெரியாது, வாய் மட்டும் தெரியும். இப்படி நாலு வருடம்.

அந்தச் சமயத்தில்தான் போக்குவரத்துக் கழகம் புது மாடிப் பேருந்து செய்யப் போவதாகப் பேச்சு வந்தது. பழைய மாடிப் பேருந்துகள் ஓய்ந்துபோயிருந்தன. புதியதில் படியே கிடையாது, தளம் தரையிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும்தான் என்றார்கள். நிறுத்தத்தில் நின்றதும் அடியிலுள்ள காற்றுப் பைகள் சுருங்கி, வண்டி நடைபாதைப் பக்கம் மண்டி போடும். அப்போது ஒரு சாண்தான். கீழேயிருந்து ஒரு சரிவுப் பலகை நாக்கை நீட்டுவதுபோல வெளியே வரும். பணிமனையில் யாரும் நம்பவில்லை. மாடி இருக்கிற வண்டி, அதைப் போய்த் தரையோடு தரையாக எப்படிச் செய்வார்கள் என்று சிரித்தார்கள்.

வடிவமைப்புக்காரர்கள் முதலில் ஒட்டுப்பலகையில் முழு அளவுக்கு ஒரு கீழ்த்தளத்தைச் செய்து ஒரு கொட்டகையில் நிறுத்தினார்கள். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும், யாரையாவது தெரியுமா என்று பணிமனையில் கேட்டபோது தம்பி கையைத் தூக்கினான்.

வடிவமைப்புப் பொறியாளர் கொக்கு மாதிரி உயரம். இடுப்பில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். பல்லக்கா அவருக்கு அளவுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

மரப் பலகையில் ஏறி உள்ளே போய் நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். திரும்ப முடியவில்லை.

"இந்தக் கம்பம் இங்க இருக்கக் கூடாது சார்."

"மாடிப்படியோட பாரத்தை அதுதான்மா தாங்குது."

"அது எதைத் தாங்கட்டும், என் முட்டியைத் தாங்காது. நாலு விரல் தள்ளி வையுங்க."

அவர் டேப்பை இழுத்து அளந்தார். அவளைத் திரும்பச் சொன்னார், மறுபடி அளந்தார். அன்று மட்டும் பதினேழு தடவை அவள் ஏறி இறங்கினாள். தோள்பட்டை அகலம், முழங்கை எட்டும் தூரம், உட்கார்ந்தபடி கண் எந்த உயரத்தில் இருக்கிறது, மணிப் பொத்தான் விரலுக்கு எங்கே கிடைக்கும், எல்லாம் எடுத்தார். பல் நடுகிறவளுக்கு அளவு என்றால் உயிர். அவர் சொல்வதற்கு முன்னால் அவளே எண்ணைச் சொல்லுவாள்.

நாலு விரல் என்பது சின்ன விஷயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கம்பத்தைத் தள்ளினால் மாடிப்படி திரும்புகிற இடம் மாறும். மாடிப்படி மாறினால் ஓட்டுநர் அறை மாறும். நாலு இருக்கை போகும். இருக்கை போனால் மேலிடம் குதிக்கும். ஆறு வாரம் கழித்து அளவுக்காரர் அவளை மறுபடி வரச்சொல்லி, புது வரைபடத்தை விரித்துக் காட்டினார். மாடிப்படி ஓட்டுநரின் முதுகுப்பக்கம் போயிருந்தது. கம்பம் தள்ளியிருந்தது. நடுக்கதவுக்கு எதிரே ஒரு வெற்றிடம்.

"நாலு சீட்டுக்காக என்னை உரிச்சு எடுத்துட்டாங்க. ஆனா விடல. இந்த இடத்தை இனி யாரும் எடுக்க முடியாது" என்றார்.

வண்டி தயாரானதும் சாய்த்துப் பார்க்கும் சோதனை நடந்தது. மேல்தளம் முழுக்க, ஆளுக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில் மணல் மூட்டைகளை இருக்கையில் உட்காரவைத்து, கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு, ஒரு மேடையில் நிறுத்தி மெதுவாகச் சாய்ப்பார்கள். மூட்டை ஏற்றியவர்களில் தம்பியும் ஒருவன். மாலையில் வந்து அக்காவிடம் கையைச் சாய்த்துக் காட்டினான்.

"இந்த அளவுக்குச் சாஞ்சுதுக்கா. விழுந்துச்சுன்னா மேனேஜர் எங்க எல்லாரையும் அந்த மூட்டைக்குப் பதிலா கட்டி வச்சிடுவாருன்னு நெனச்சேன். அப்படியே நிக்குது. பாரமெல்லாம் அடியில இருக்கு, அதான். தளத்தைத் தாழ்த்துனதால வண்டிக்கே காலு வந்த மாதிரி ஆயிடுச்சு."

"வண்டிக்காவது வந்துச்சே" என்றாள்.

நாற்பது வண்டிகள் சாலைக்கு வந்தன. முதல் நாள் காலை அவள் நிறுத்தத்தில் தனியாகக் காத்திருந்தாள். கூட வருகிறேன் என்ற தம்பியை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வண்டி வந்தது. பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், ஒரு பக்கமாக இறங்கியது. பலகை வெளியே வந்து நடைபாதையைத் தொட்டது. அவள் சக்கரத்தைத் தள்ளினாள். உள்ளே போனாள். திரும்பினாள். முட்டி கம்பத்தில் படவில்லை. முப்பத்தேழு வயதில், யார் முதுகும் இல்லாமல், அவள் பேருந்தில் ஏறியிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. மணிப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டாள், தேவையில்லாமல். ஓட்டுநர் திட்டினார். அதுகூடப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் ஐந்து வருடம் அவள் வாழ்ந்தது வேறு வாழ்க்கை. அட்டைப்பெட்டி வீட்டுக்கு வருவது நின்றது. அவளே லேப்புக்குப் போனாள். மூன்றாம் வருடம் மெழுகு மேசைக்கு அவள்தான் தலைமை. மதியம் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டாள், சண்டை போட்டாள், லேப் முதலாளியின் நடையை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். பேருந்தில் அவளுக்குத் தோழி ஒருத்தியும் கிடைத்தாள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், ஆறு வயது சின்னவள், அவளும் சக்கர நாற்காலிதான். வண்டியில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் என்பதால் இருவரும் ஒன்றாகப் போக முடியாது. ஏழே முக்கால் வண்டி நூலகக்காரிக்கு, எட்டு மணி வண்டி பல்லக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஏழே முக்கால் வண்டி வருவதற்கு முன்னால் நிறுத்தத்தில் கிடைக்கிற கால் மணி நேரம்தான் நட்பு. அதற்குள் உலகத்தையே அலசிவிடுவார்கள்.

ஐந்தாம் வருடக் கடைசியில் ஒரு விடுமுறை நாளில் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கோப்பு. பல்லக்கா அவசர வேலை ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். விரலெல்லாம் மெழுகு.

"அக்கா, பழைய சோதனைப் பேப்பர் எல்லாம் புதுப்பிக்கணுமாம். அன்னைக்கு வந்தவங்க கையெழுத்து வேணும்."

"இப்பவேவா? கையைப் பாரு."

"மூணு இடம்தான். ஒரு நிமிஷம்."

அவள் துணியில் விரலைத் துடைத்தாள். எங்கே என்று கேட்டாள். அவன் விரலை வைத்துக் காட்டினான். போட்டாள். மூன்றாவது தாளில் கொஞ்சம் மெழுகு ஒட்டிக்கொண்டது. அவன் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, டீ குடிக்காமல் கிளம்பினான். அடுத்த மாதம் அவனுக்கு ஃபோர்மேன் வேலை கிடைத்தது. பல்லக்கா லேப் முழுக்க இனிப்பு கொடுத்தாள்.

அதன் பிறகுதான் பலகைகள் வேலை செய்யாமல் போயின. முதலில் ஒரு வண்டியில். பிறகு இன்னொன்றில். ஓட்டுநர்கள் கதவைத் திறந்து, "பலகை ரிப்பேர், அடுத்த வண்டி பாருங்க" என்பார்கள். அடுத்த வண்டியும் அதையே சொல்லும். வண்டி மண்டி போடுவதும் நின்றது. இரண்டே மாதத்தில் நாற்பது வண்டியிலும் பலகை செத்துவிட்டது.

"அந்த மோட்டார் வெளியிலேருந்து வரணும்க்கா. எழுதிப் போட்டிருக்கோம்" என்றான் தம்பி. "நீ கவலைப்படாத. என் சிநேகிதன் வேன் வச்சிருக்கான். காலையில ஏழுக்கு உன்ன ஏத்திக்குவான், சாயந்திரம் ஆறுக்கு இறக்கிடுவான். பின்கதவுல பலகை போட்டுத் தர்றேன், நானே வெல்டு பண்றேன்."

சொன்னபடி செய்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதுகு போன பிறகும் தம்பி சுமக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

நூலகக்காரிக்கு வேன் கொடுக்கத் தம்பி இல்லை. அவள் தினமும் நாலு கிலோமீட்டர் நடைபாதையிலும் சாலை ஓரத்திலுமாக உருட்டிக்கொண்டு போனாள். கை காய்த்துப்போனது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, கழகத்துக்கும் செய்தித்தாளுக்கும் ஒரு புகார் மனு எழுதினாள். நகரத்தில் தேடிப் பிடித்துப் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, பன்னிரண்டாவதாகப் பல்லக்காவிடம் வந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் பல்லக்கா. "என் தம்பிதான் அங்க ஃபோர்மேன். பார்ட்ஸ் வரணும்னு சொல்றான். இப்போ பேப்பர்ல போட்டா அவன் தலையிலதான் விடியும். அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்."

"எவ்வளவு நாள் பொறுக்கணும்க்கா?"

"வந்துடும்னு சொல்றான்ல."

நூலகக்காரி மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு லாரி அவள் நாற்காலியை உரசிவிட்டுப் போனது. தோள்பட்டை எலும்பு விரிசல் கண்டது. இரண்டு மாதம் விடுப்பு முடிந்ததும் நூலகத்தில் நாகரிகமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து ஏதோ கம்பெனிக்காகத் தொலைபேசியில் பேசும் வேலைக்குப் போனாள். பல்லக்கா போய்ப் பார்த்தாள், பழம் வாங்கிக் கொடுத்தாள். பார்ட்ஸ் வந்துவிடும் என்று அப்போதும் சொன்னாள்.

நாலு வருடம் போனது.

ஒரு நாள் காலை வேன் வரவில்லை. டயர் வெடித்துவிட்டது என்று தகவல் வந்தது. லேப்பில் அன்று முக்கியமான வேலை. பல்லக்கா உருட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தாள். எட்டு மணி வண்டி வந்தது. புது ஓட்டுநர், ஒரு பெண். கதவைத் திறந்து கையை விரித்தாள்.

"ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பாரும்மா. சில சமயம் வேலை செய்யும்" என்றாள் பல்லக்கா.

"எப்படிம்மா செய்யும்? போல்ட்டுப் போட்டு மூடியிருக்கு."

"போல்ட்டா? ரிப்பேர்னுதானே சொன்னாங்க."

"ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு தடவை பலகை போட்டு எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகுது, டைம் தப்புதுன்னு மூடச் சொல்லிட்டாங்க. பணிமனை போர்டுல உத்தரவே ஒட்டியிருக்கு. உங்க ஆளுங்கள்ல ஒரு அம்மா சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். உங்க ஆளுங்களே ஒத்துக்கிட்டா நான் என்னம்மா பண்றது?"

மேல்தளத்திலிருந்து யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். கதவு மூடும்போது பல்லக்கா குனிந்து பார்த்தாள். பலகை இருக்க வேண்டிய இடத்தில் நாலு போல்ட்டுத் தலை. அவற்றின் மேல் வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். சுத்தமான வேலை. உள்ளே, அவளுடைய இடத்தில், நாலு மடக்கு இருக்கை. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

லேப்புக்குப் போகவில்லை. பணிமனைக்கு உருட்டினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. வாசற்காவலருக்கு அவளைத் தெரியும், ஃபோர்மேனுடைய அக்கா என்று உள்ளே விட்டார். அறிவிப்புப் பலகையில் பழைய தாள்களுக்கு அடியில் அந்த உத்தரவு இருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது. எட்டாத உயரம். ஒரு துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னாள்.

"சரிவுப் பலகையைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை மிகக் குறைவு. வண்டியின் வடிவமைப்புக் கட்டத்திலேயே பங்குபெற்ற பயனாளர் பிரதிநிதியிடம் கலந்தாலோசிக்கப்பட்டது. பலகையை நிரந்தரமாக மூடுவதிலும் அவ்விடத்தில் மடக்கு இருக்கைகள் அமைப்பதிலும் அவருக்கு மறுப்பு ஏதுமில்லை."

கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில், நேரில் பெற்றேன் என்று தம்பியின் கையெழுத்து.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முழு வரிசையையும் உருக்கிவிட்டு மறுபடி நடுகிறவள் அவள். பால்காரர் கொடுக்கிற சீட்டைக்கூட இரண்டு முறை படிப்பாள். வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு ஆள் நீட்டிய தாளில்தான்.

தம்பி ஒரு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். அவள் மடியில் இருந்த தாளைப் பார்த்தான். கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல, அதைச் சொல்லு. இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் எனக்கு நீ சொன்னதுதான் நெசம்."

"இங்க வேணாம்க்கா. வா, ரூமுக்குப் போலாம்."

"இங்கதான்டா ஒட்டியிருக்கு. நாலு வருஷமா எல்லாரும் படிக்கற எடத்துல. என்னைத் தவிர."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேனேஜர் கூப்பிட்டாரு. ரெண்டு தடவை ப்ரமோஷன்ல என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. இந்தப் பலகை விஷயத்தை முடிச்சுக் குடு, ஃபோர்மேன் நீதான்னாரு. முடியாதுன்னா வேற ஒருத்தன் முடிச்சிருப்பான். எப்படியும் மூடத்தான் போறாங்க."

"என் கையெழுத்து எதுக்கு?"

"நீதானே அளவு குடுத்தவ. நீ சரின்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்கன்னாரு."

அவளுக்கு அந்த ஒட்டுப்பலகைக் கொட்டகை ஞாபகம் வந்தது. பதினேழு தடவை ஏறி இறங்கியது, தோளையும் முழங்கையையும் அளக்கக் கொடுத்தது. அவள் உடம்பைக் கொண்டு திறந்த கதவை அவள் பெயரைக் கொண்டே அடைத்திருந்தார்கள்.

"உன்னை விட்டுட்டா பண்ணுனேன்?" என்றான் அவன். "மறுவாரமே வேன் வச்சுக் குடுத்தேனா இல்லையா? ஒரு நாளாவது உன் வேலை கெட்டுச்சா?"

"மத்தவங்க?"

"மத்தவங்களை எனக்குத் தெரியாதுக்கா."

அதை அவன் திமிராகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது. இத்தனை வருடமும் அவன் சுமந்தது அக்காவை மட்டும்தான்.

"நூலகக்காரியை உனக்குத் தெரியும். எங்கூட நிறுத்தத்துல பேசிட்டிருப்பாளே. மனுவை அனுப்பாதன்னு நான் அவகிட்டச் சொன்னேன்டா. என் தம்பி பொய் சொல்ல மாட்டான்னு சொன்னேன். அவ தோளு போச்சு, வேலை போச்சு."

அவன், வீட்டுக்குக் கொண்டுவிடுகிறேன் என்றான். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அளவுக்காரருக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் இப்போது வேறு ஊரில் ரயில் பெட்டிகள் வரைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரைபடத்துல அந்த இடம் இன்னும் அப்படியேதான்மா இருக்கு" என்றார். வரைபடத்தில் ஏறி லேப்புக்குப் போக முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. பாவம், அவரும்தான் ஏமாந்திருக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

கடினமான காரியம் இன்னொன்று இருந்தது. நூலகக்காரியின் வீட்டுக்குப் போய், சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு முழுதையும் சொன்னாள். நூலகக்காரி காதிலிருந்து தொலைபேசிக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க தம்பியை நம்புனீங்க. நான் உங்களை நம்புனேன்" என்றாள். கோபமில்லாத குரல். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்த மனுவை எடுத்தாள். பதினொரு கையெழுத்து. போட்டவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

பல்லக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். தனியாக ஒரு கடிதமும் எழுதினாள்: அந்த ஒப்புதல் என்னைப் படிக்கவிடாமல், வேறு காரணம் சொல்லி வாங்கப்பட்டது. வாங்கியவர் என் தம்பி. அந்த இரண்டாவது வரியை எழுத ஒரு முழு மாலை ஆயிற்று.

தம்பியின் மனைவி தொலைபேசியில் அழுதாள். "அண்ணி, அவரு உங்களை எத்தனை வருஷம் சுமந்தாரு. அதை ஒரு தடவை நெனச்சுப் பார்த்தீங்களா?"

"நெனச்சுப் பார்த்ததாலதான்மா படிக்காம கையெழுத்துப் போட்டேன்" என்றாள் பல்லக்கா.

விசாரணை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

"படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"படிச்சவங்கதானே நீங்க. ஏன் படிச்சுப் பார்க்கல?"

"தம்பி குடுத்தான் சார்."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். பிறகு அறிக்கையின் நகல் வந்தபோது அதில், பயனாளரின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று இருந்தது. மேனேஜர் அதற்கு முன்பே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வாய்வழியாகச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. கையெழுத்து இருந்தது தம்பியுடையது மட்டும். அவனை மறுபடி ஃபிட்டராக்கி, நகரத்தின் மறுகோடிப் பணிமனைக்கு மாற்றினார்கள்.

பலகைகளைத் திறக்க உத்தரவு வந்தது. போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தால், நாலு வருடம் அசையாமல் கிடந்த மோட்டார்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. நாற்பதில் ஒன்பதுதான் உயிர் பெற்றன. இப்போது நிஜமாகவே பார்ட்ஸ் வர வேண்டியிருந்தது, வரவில்லை. ஒன்பது வண்டிகளும் எந்த நேரம் எந்தத் தடத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பல்லக்கா வேனை விட்டுவிட்டாள். லேப்புக்குப் பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் ஒரு அறை பார்த்துக் குடிபோனாள். நல்ல அறைதான், வெளிச்சம் குறைவு. எப்போதாவது பெரிய சாலைக்கு வருகிறபோது அந்த ஒன்பதில் ஒன்று எதிர்ப்பட்டால் ஏறிக்கொள்வாள். நாலு மடக்கு இருக்கையில் இருப்பவர்கள் எழுந்து இடம்விட வேண்டும். எழுவார்கள், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.

நூலகக்காரிக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பல்லக்காவோடு பேச்சு முறிந்துவிடவில்லை, ஆனால் பழைய கலகலப்பு இல்லை. அவளிடம் எதையாவது சொல்லும்போது பல்லக்கா இப்போதெல்லாம், "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று ஆரம்பிக்கிறாள்.

பதினாலு வருடம் ஓடும் என்று செய்த வண்டிகளைப் பன்னிரண்டாம் வருடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மேல்தளத்து ஜன்னல் சட்டங்கள் ஆடத் தொடங்கியிருந்தன, காற்றுப் பைகள் கிழிந்து வண்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடின. அடுத்த மாதிரிக்குப் புது வரைபடம் தயாராகிறது, அளவு கொடுக்க வரமுடியுமா என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டு பேராக வருவோம், இரண்டு நாற்காலிக்கு இடம் வேண்டும், எங்கள் ஒப்புதல் என்று எந்தத் தாள் வந்தாலும் எங்கள் இருவரையும் நேரில் கேட்க வேண்டும் என்று பதில் எழுதினாள். பதிலுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

தம்பி மாதம் ஒரு முறையாவது கூப்பிடுவான். உடம்பு எப்படி, வீட்டுக்காரர் தண்ணீர் ஒழுங்காக விடுகிறாரா என்று கேட்பான். அவளும் பதில் சொல்லுவாள், அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பாள். அந்தத் தாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று அவன் இன்றுவரை சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் கூப்பிட்டான்.

"நாளைக்கு நம்ம வண்டியெல்லாம் உடைக்க எடுத்துட்டுப் போறாங்கக்கா. முதல்ல வந்துச்சே, அந்த வண்டியும் இருக்கு. பாக்கறியா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு வேலை இருக்குடா" என்றாள்.

மறுநாள் லேப்புக்கும் விடுமுறைதான். அது அவனுக்கும் தெரியும்.

"சரிக்கா" என்றான். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. அவன் பக்கத்தில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள்தான் வைத்தாள்.